வண்டிக்கு மறதி வந்த பகல்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்றால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். டிவியில் படம் வராவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஃபோனில் எழுத்து சின்னதாகிவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிறவள். அடுத்தவர் எழுதியதில் இங்கே தப்பு, அங்கே தப்பு என்று சொல்வதோடு என் வேலை தீர்ந்தது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் என் கணவர் ஒருநாள் காலையில் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஏம்மா, நம்ம வண்டிக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்காம்ல. அத நீ கொஞ்சம் மாத்திக் குடுத்துருவியா?" என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வண்டி என்று அவர் சொன்னது எங்கள் பிக்கப்பை. வெள்ளை நிறம், டீசல் எஞ்சின், எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு ஒருவரிடம் உழைத்துக் களைத்த வண்டி. ஒத்தக்கடையைச் சுற்றி எழும்பிக்கொண்டிருக்கும் புது வீடுகளுக்கு டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, கதவு நிலை என்று அதில்தான் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீடும் அப்படி எழும்பியதுதான். மூன்று பக்கமும் காலி மனை. நான் வேலை பார்க்கும் ஜன்னலைத் திறந்தால் யானைமலை முழுசாகத் தெரியும். கண்டுபிடித்த பிழைகளைவிட அந்த மலையைப் பார்த்துக் கழித்த நேரம் அதிகம் என்பது என் மேனேஜருக்குத் தெரியாது.

"எதுக்கு மாத்தணும்? ஓடத்தான செய்யுது?" என்றேன்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அவ வீட்டுக் காதுகுத்து வருதுல்ல" என்றார்.

எனக்கு அப்போதே விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. அவள் என்றால் அவருடைய தங்கை. ஒரே தங்கை. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கண்மாய்க்குப் பின்னால் இருக்கும் ஊரில் வாக்கப்பட்டவள். அந்த ஊருக்குள் போக வேண்டுமானால் கண்மாய்க்கரை மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். வேறு பாதை கிடையாது.

நான் பழங்காநத்தத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீடுகளிலும் சீர் உண்டு, தாம்பாளம் உண்டு. ஆனால் என் கணவரின் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் அது ஒரு ஊர்வலம். மாலை போட்ட கிடா, வாழைத்தார், அரிசி மூட்டை, வரிசையாகத் தட்டுகள், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பங்காளிகளும் ஏறிக்கொண்டு, ஊர் எல்லையில் மேளக்காரர்கள் காத்திருக்கப் போய் இறங்க வேண்டும். சீரின் மதிப்பில் பாதி அது வந்து சேரும் விதத்தில் இருக்கிறது என்பதைக் கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தங்கையின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, நாங்கள் இந்த வண்டியை வாங்கிப் புதிது. சொந்த வண்டியில் சீர் கொண்டுபோகிறோம் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. கண்மாய்க்கரை ஏற்றத்தில் பாதி வரை போய் வண்டி நின்றுவிட்டது. முக்கியது, புகைந்தது, பின்னால் நழுவியது. மேலே நின்றிருந்த தங்கை புருஷன் வீட்டு ஆட்களில் ஒருவர், "மாப்ள, சீரு மேல வருமா, இல்ல நாங்க கீழ வந்து வாங்கிக்கிறவா?" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மேளக்காரர்களைத் தாண்டிக்கொண்டு பட்டுச்சேலையோடு ஓடி வந்தாள் தங்கை. நேராக வண்டிக்குப் பின்னால் போய்க் கை வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்து தள்ளி, வண்டி மேலே ஏறியது. அவளுடைய சேலையின் கீழ்ப்பக்கம் முழுக்கப் புகைக்கரி.

இவர் அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அன்று பந்தியில் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் லோடு ஏற்றிக்கொண்டு எங்காவது மேட்டில் வண்டி திணறினால் அன்று வீட்டுக்கு வந்து பேச மாட்டார். இப்போது தங்கையின் இளைய மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள்.

"இந்தத் தடவ அவ கை வண்டியில படக்கூடாது" என்றார். அவ்வளவுதான் கேட்டார் மனுஷன்.

பழங்காநத்தத்தில் அவருக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் யாரிடமோ வண்டியைக் கொடுத்து எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி வாங்கியிருந்தார். "லேப்டாப்ப மாட்டி என்னமோ பண்ணாய்ங்கண்ணே, இப்ப பறக்குது" என்றாராம். அந்த வண்டி பறப்பதை நானும் பார்த்தேன். பின்னால் விட்டுப்போன கரும்புகையில் ஒரு தெருவே இருமியது. அங்கே கொடுக்க வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேகத்தைத் தொட மாட்டேன், மேட்டில் இழுக்கிற தெம்பை மட்டும்தான் கொஞ்சம் கூட்டுவேன் என்று நிபந்தனையும் போட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதன் பிறகு நடந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு துளை இருக்கிறது, அதில் ஒயரை மாட்டினால் வண்டியின் மூளைக்குள் இருப்பதை லேப்டாப்பில் படிக்கலாம். படித்துப் பார்த்தால் உள்ளே வெறும் எண்கள். எவ்வளவு சுற்றும்போது, எவ்வளவு மிதிக்கும்போது, எவ்வளவு டீசல் என்று கட்டம் கட்டமாக எண்கள். அந்தக் கட்டங்களைப் படமாக மாற்ற லேப்டாப்பிடம் சொன்னேன். திரையில் ஒரு நிலம் விரிந்தது. இந்தப் பக்கம் தட்டையாக வயல் மாதிரி கிடந்து, மெல்ல எழும்பி, ஒரு முதுகாக உயர்ந்து, சட்டென்று சரிந்து இறங்கியது. நான் தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தேன். யானைமலை அதே முதுகோடு படுத்திருந்தது.

பல சாயங்காலங்கள் அதைப் பார்த்துக்கொண்டே போயின. எங்கே ஒரு எண்ணைக் கூட்டினால் மலையின் எந்த இடம் உயர்கிறது என்று பார்ப்பேன். வெயில் இறங்க இறங்க வெளியே மலை சிவந்து, பழுப்பாகி, ஊதாவாகும். உள்ளே என் மலை அசையாமல் நிற்கும். இரண்டில் எது வண்டிக்குள் இருக்கிறது என்றே சில நேரம் குழம்பும். அம்மாவிடம் எங்கள் வீட்டுப் பாஷையில் ஃபோனில் புலம்பினேன், இந்த மனுஷன் என்னை மெக்கானிக் ஆக்கிவிட்டார் என்று. அவருக்கு அந்தப் பாஷை புரியாது என்பது எனக்கு ஒரு வசதி. ஆனால் புலம்பலில் சந்தோஷம் இருந்தது அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

மாற்றிய எண்களை வண்டிக்குள் எழுதுவதற்கு ஒரு லீவு நாள் காலையைக் குறித்தோம். வண்டியை ஜன்னல் ஓரம் புங்கை மரத்தடியில் நிறுத்தினார். முதல் வேலையாக, வண்டியில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே ஒரு பைலாக எடுத்து லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொண்டேன். அது என் வேலைப் பழக்கம். நான் தேடிப் படித்த இடத்திலெல்லாம் ஒரே எச்சரிக்கைதான் இருந்தது. எழுதி முடிக்கும்வரை வண்டியின் பேட்டரி சோரக்கூடாது, பாதியில் நின்றால் எஞ்சின் கம்ப்யூட்டர் எதற்கும் உதவாமல் போகலாம் என்று. இதை அவரிடம் சொன்னதும் விறுவிறுவென்று உள்ளே போனார். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்டு பேட்டரியும் சேத்து மாட்டிட்டேன். கரண்ட்டு அம்புட்டும் வண்டிக்குத்தான்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முன் டயர் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். சூடம் கொளுத்தி வண்டிக்குக் காட்டி, லேப்டாப்புக்கும் காட்டினார். நான் எழுதும் பட்டனை அழுத்தினேன்.

என் லேப்டாப்பின் சொந்த பேட்டரி செத்து வெகு காலமாயிற்று. பிளக்கில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். கரண்ட் போனாலும் அது அணைந்ததே இல்லை என்பதால் இதை நான் மறந்தே போயிருந்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டரின் பேட்டரி இப்போது வெளியே வண்டியில் இருந்தது. வண்டிக்குக் கரண்ட் போய்விடக் கூடாதே என்று இரண்டு பேரும் கவலைப்பட்டோம். லேப்டாப்பைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை.

பாதி எழுதியிருக்கும். அடுக்களையில் ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உதறி நின்றது. மேலே மின்விசிறி சுற்றிச் சுற்றி மெலிந்தது. திரை கறுத்துவிட்டது. மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள் அல்லவா, அது அன்றைக்கு. எங்கள் பகுதி பெயர் பேப்பரில் வந்திருந்ததாம். நாங்கள் பேப்பர் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

அவர் சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. எஞ்சின் ஒரு சத்தமும் போடவில்லை. மறுபடி திருப்பினார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் புங்கை மரத்தில் சாய்ந்து நின்று, "செத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சாகல" என்றேன். "மறந்துபோச்சு."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த வார்த்தை அவரைக் கொஞ்சம் ஆற்றியது போல இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரியைத் திரும்ப வீட்டில் மாட்டி லேப்டாப்பை எழுப்பலாமா என்று கேட்டார். வண்டியின் பேட்டரி அதற்குள் இறங்கியிருந்தது. அதை நம்பி மறுபடி எழுதி, இன்னொரு தடவை பாதியில் நின்றால் அவ்வளவுதான். வேண்டாம், கரண்ட் வரட்டும் என்றேன். மின்வாரியத்துக்கு ஃபோன் செய்தால் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பகலை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் புழுக்கம். வண்டியின் பின்தட்டில் தார்ப்பாயை விரித்து, மரநிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டோம். மோட்டார், மிக்ஸி, கட்டுமான வேலையின் கட்டர் என்று எப்போதும் இரையும் எங்கள் பகுதியில் அன்று ஒரு சத்தமும் இல்லை. காலி மனையில் கொக்குகள் ஒவ்வொரு அடியாக யோசித்து வைத்துக்கொண்டு நடந்தன. புங்கம்பூ எங்கள் மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. மேலூர் ரோட்டில் பஸ் போகும் சத்தம் எங்கோ தூரத்து ஊரில் கேட்பது போலக் கேட்டது.

"எதெல்லாம் மறந்திருக்கும்?" என்றார் கண்ணை மூடிக்கொண்டே.

"எப்ப எம்புட்டு டீசல் விடணும், எப்ப காத்து எடுக்கணும், அதெல்லாம்."

"நம்ம ஊருக்குப் போற வழியுமா?"

"அது வண்டிக்கு எப்பவும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

மெதுவாகச் சிரித்தார். சிரிப்பில் வண்டி லேசாக அசைந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். வண்டி தன் எண்களையெல்லாம் உதிர்த்துவிட்டு, பாரமே இல்லாமல், மேற்கே வயல்களுக்கு மேலாக நகர்ந்து போவது போலவும் நாங்கள் படுத்த வாக்கிலேயே போய்க்கொண்டிருப்பது போலவும் இருந்தது. நாகமலை எங்கள் பக்கத்தில் கூடவே வந்தது. அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. நல்ல கனவு என்று சொல்ல வேண்டும். விழித்தபோது அவர் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து, கையைப் பின்கதவில் வைத்திருந்தார். தங்கை கை வைத்த இடம் அது. பிழைப்பு போய்விட்டதே என்றுகூட அவர் அப்போது நினைக்கவில்லை. காதுகுத்துக்கு வாடகை வண்டியில் போய் இறங்க வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நினைத்து அழுகை வந்தது.

யானைமலையின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தபோது வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் உதறியது. இந்த முறை இன்வெர்ட்டர் பேட்டரியை வீட்டிலேயே மாட்டினோம். வண்டிக்கு அவருடைய சேக்காளியின் வேனிலிருந்து ஒரு பேட்டரியை வாங்கிவந்து மாட்டினார். நான் மாற்றி வைத்திருந்த புது பைலைத் தொடவில்லை. முதலில் எடுத்து வைத்த பழையதையே எடுத்தேன். லேப்டாப் கொஞ்ச நேரம் வண்டியை அடையாளம் தெரியாதது போல முழித்துவிட்டு, பிறகு எழுத ஆரம்பித்தது. அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

முடிந்தது என்று திரை சொன்னதும் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

"பழையபடிதாங்க இருக்கு. ஒரு நம்பர்கூட மாத்தல. இனிமே மாத்தவும் மாட்டேன்" என்றேன்.

"உசுரு வந்துச்சுல்ல. போதும்" என்றார்.

ஒயரைக் கழற்றுவதற்கு முன், பழக்கத்தில், வண்டி தனக்குள் ஏதாவது பிழையைக் குறித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. இருந்தது. எதிர்பார்த்த அளவு காற்று அழுத்தம் வரவில்லை, அதனால் டீசலைக் குறைத்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில் ஒரு குறி. நான் அதைப் படித்துக் காட்டினேன். அவர் என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக் காது கொடுத்தார். "சீறுது" என்றார். காற்று போகும் ரப்பர் குழாய் ஒன்று, கவ்வியிருந்த கிளிப்புக்கு அடியில், பிளந்திருந்தது. எங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் அதில் கறுப்பு டேப்பைச் சுற்றி அழகாக மறைத்திருந்தார். பாவம் வண்டி, மூச்சு போதாமல் இத்தனை காலம் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது. நாங்கள் அதன் மூளையில் கோளாறு என்று நினைத்தோம்.

மறுநாள் பழங்காநத்தத்தில் ஸ்பேர்ஸ் கடையில் புதுக் குழாய் வாங்கி மாட்டினார். டைல்ஸ் லோடோடு ஒரு மேட்டில் ஏறிவிட்டு அங்கிருந்தே ஃபோன் செய்தார். "ஏம்மா, பறக்கல. ஆனா இழுக்குது" என்றார். அந்தக் குரலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காதுகுத்து அன்று காலையில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, கிடாவையும் தார்களையும் மூட்டைகளையும் ஏற்றி, பங்காளிகள் எல்லோரும் ஏறியபோது வண்டி போன தடவையைவிடத் தாழ்ந்து நின்றது. நான் மடியில் தோடு வைத்த தட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தேன். செக்கானூரணி தாண்டியதும் சும்மாவே ஒரு மேட்டில் வேகமாக ஏறிக் காட்டினார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். உசிலம்பட்டி போய், பிரிந்து, கண்மாயின் அந்தப் பக்கத்துப் புளியமரங்கள் தெரிந்தபோது கழுத்தை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கரையின் அடிவாரத்தில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மேளம் மேலே இருந்தது, இவர்கள் கீழே நின்றார்கள். எல்லோரும் பெண்கள். நடுவில் பட்டுச்சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தங்கை. வண்டியைக் கண்டதும் வழியை மறித்தாள். அவர் நிறுத்தினார்.

"மதினி, நீங்க எறங்கிராதீங்க. அப்படியே இருங்க" என்று என் பக்க ஜன்னலில் வந்து சொன்னாள். "எல்லாரையும் கூட்டியாந்துட்டேன்."

"எதுக்கு?" என்றேன்.

"தள்ளத்தான்."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, "அன்னையிலருந்து இதே பேச்சுத்தான் மதினி இவளுக்கு. எங்கண்ணன் சீர நாந்தான் மேல ஏத்துனேன், நாந்தான் மேல ஏத்துனேன்னு" என்றாள்.

"ஆமா. இந்த ஊர்ல எல்லாருக்கும் சீரு வரும், வாங்கி வப்பாளுக" என்றாள் தங்கை. "தள்ளிக் கொண்டாந்தவ நான் ஒருத்திதான். இந்தத் தடவ என்னைய விட்டு ஏறிருமா?" சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை காலம் அவமானம் என்று அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பகல், கண்மாய்க்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கிறது. முதல் கியரைப் போட்டார். காலை மிக மெதுவாக வைத்தார். வண்டி நகர்ந்தது.

அதன் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் நான். எஞ்சின் முனகாமல், சீறாமல், தானாக ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் வேண்டுமென்றே கிளட்ச்சை லேசாக மிதித்து வண்டியை ஒரு உலுக்கு உலுக்கினார். பின்னால் "ம்ம், தள்ளுங்கடி" என்று தங்கையின் குரல் கேட்டது. பெண்கள் கூவிச் சிரித்தார்கள். கிடா கத்தியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவளுடைய பாதி முகம் தெரிந்தது. தலைப்பூ குலுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அதுவரை இவரைப் பற்றி நினைத்திருந்தேன்.

மேலே ஏறி நின்றதும் மூச்சு வாங்க அவர் பக்க ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கரி.

"அண்ணே, உன் வண்டிக்கு இன்னும் சத்து பத்தல" என்றாள்.

அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அவள் கைகளைத் துடைத்தார்.

"ஆமாத்தா" என்றார். "நீ கை வைக்கலன்னா ஏறியிருக்காது."

மேளம் தொடங்கியது. நான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.